ஒரே ஒரு கேள்வி வர்ற பாடம்

என்னங்க அம்மிணி, நான் பாட்டுக்கு வாய்க்குள்ள மொணமொணன்னுட்டு வர்றேனேன்னு பாக்குறீங்களா? மந்திரமெல்லாம் இல்லீங்க. எபிதீலியம். நம்ம உடம்ப உள்ளாறயும் வெளியயும் ஒறை போட்டாப்புல மூடியிருக்குதுங்களே, அந்தப் படலம். தட்டை, கனசதுரம், தூண், குறுயிழை. பஸ்ஸுல ஏறி உக்காந்தாப் போதும், தானா வந்துருது. ஒரு வருசப் பழக்கம், வாய் நிக்க மாட்டேங்குது.

டீச்சரா? நானா? இல்லீங்க. என்ற பேரு சாந்தாமணி. திருச்செங்கோட்டுப் பக்கம். ஊட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டில சூப்பர்வைசரு, இப்ப சத்தீஸ்கர்ல இருக்காரு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு, பத்து நாளு இருப்பாரு, போயிருவாரு. நான் பன்னெண்டாவதோட சரி. ஆனா சயன்ஸ் குரூப்புங்க. விலங்கியல்ல எங்க ஸ்கூல்லயே நாந்தான் மொதல்ல. நர்ஸுக்குப் படிக்கப் போறேன்னு ஃபாரம் கூட வாங்கியாந்து வெச்சிருந்தேன். அந்த வைகாசிலயே கல்யாணத்த முடிச்சுப்போட்டாங்க. அதுல எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க. அதையெல்லாம் நான் நெனைக்கறதே இல்ல. பச்சைக் கலரு ஃபாரம். போட்டோ ஒட்டற எடத்துல மட்டும் வெள்ளையா ஒரு கட்டம் இருந்துச்சு.

சித்தெ அந்தப் பையை இங்க குடுங்க, மடில வெச்சுக்கறேன். நீங்க சென்னிமலை வரைக்குமா? நானும் அங்கதான். என்ற பொண்ணப் பாக்கப் போறேன். மிதுனான்னு பேரு, நாங்க மிதுன்னு கூப்புடுவோம். ஒரே புள்ள, பத்தொம்பது வயசாவுது. என்ற நாத்தனார் கலாமணி ஊட்ல இருக்கறா. அவிய ஊட்டுக்காரருக்கு அங்க பெட்ஷீட் கடைங்க.

டாக்டருக்குப் படின்னு நான் யாரையும் கட்டாயப்படுத்துலீங்க, அத மொதல்லயே சொல்லிப்போடறேன். அவளேதான் சொன்னா. ஏழு வயசுல, மாரியாத்தா நோம்பில வாங்குன பொம்மை ஸ்டெதஸ்கோப்ப எங்க ஆட்டுக்குட்டி வயித்துல வெச்சுப் பாத்துட்டு, "அம்மா, நான் ஆட்டு டாக்டராப் போறேன்"னா. ஆட்டு டாக்டருன்னா என்னங்க, ஆளு டாக்டருன்னா என்னங்க, எல்லாம் டாக்டருதான? அன்னைக்கே நான் மனசுல எழுதி வெச்சுட்டேன்.

மொத வருசம் நீட்டு எழுதுனா. கொஞ்சத்துல போச்சு. விடையெல்லாம் வெளிய வந்தப்ப ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொண்ணாச் சரி பாத்தோம். பிசிக்ஸ்ல எத்தனையோ தப்பு. அது எனக்கு ஒண்ணும் புரியல. கெமிஸ்ட்ரியும் அப்பிடித்தான், பூச்சி பூச்சியா எழுதியிருந்துச்சு. ஆனா ஒரு கேள்வி பளிச்சுன்னு தெரிஞ்சுது பாருங்க. சிறுநீரகத்து நுண்குழல்ல இருக்கறது எந்த வகை எபிதீலியம்? கனசதுரம். நான் படிச்சு இருவத்தஞ்சு வருசமாச்சு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இவ தூணுன்னு போட்டிருக்கறா.

"ஏன்டி, இது கூடத் தெரியாதா?"ன்னேன்.

"தெரியும்மா. அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்."

"தெரிஞ்சது எப்பிடிடி மாறும்?"

அப்பவே முடிவு பண்ணிட்டேன், இன்னொரு வருசம் எழுத வெக்கறது, இந்தத் தாட்டி நானும் கூடவே இருக்கறதுன்னு. நாமக்கல் பக்கம் ஒரு கோச்சிங் சென்டருல சேத்திவிட்டு, அதுக்கு எதுத்த தெருவுலயே ரூம்பு புடிச்சேன். ஹாஸ்டல்ல உட்டா புள்ள எளைச்சுப்போயிரும். ஒரே ரூம்பு, ஒரு சமையக்கட்டு. ஊட்டப் பூட்டிப்போட்டு, மாட்டக்கூட அண்ணன் ஊட்ல உட்டுட்டு வந்துட்டேன். அங்க எனக்கு ஒருத்தரத் தெரியாது. பேச்சுக்கு ஆளில்ல. அவளுக்கு நான், எனக்கு அவ.

ரூம்புல ஒரு ஜன்னலு இருந்துச்சு. அதுக்கு அந்தண்ட ஒரு காலி எடம், பொழுதோட புள்ளைங்க ஷட்டில் ஆடுவாங்க. இவ அதையே பாத்துட்டு நிப்பா. பொஸ்தகம் கையில இருக்கும், கண்ணு அங்க இருக்கும். நான் பாத்தேன், நல்ல பெரிய சார்ட்டு ஒண்ணு வாங்கி, திசு வகையெல்லாம் நானே கலருல வரைஞ்சு, அந்த ஜன்னலு மேலயே ஒட்டிட்டேன். எத்தனை அழகா வந்துச்சு தெரியுங்களா! தட்டைக்கு மஞ்ச, கனசதுரத்துக்கு ரோஸு, தூணுக்கு ஊதா. அந்த மூச்சுக்குழல்ல வர்ற குறுயிழைக்கு மட்டும் ஒவ்வொரு முடியா, நூலு மாதிரி, ரெண்டு நாளு ஒக்காந்து வரைஞ்சேன். வந்தவ பாத்துட்டு, "காத்து வராதேம்மா"ன்னா. ஃபேன் இருக்குதல்லன்னேன்.

அவ சோத்து டப்பா மூடிக்கு உள்ள பக்கம் ஸ்கெட்ச் பேனால எழுதி வெப்பேன். தெறந்தா கண்ணுல படணுமில்லீங்களா? குளிக்கற ரூம்புக் கதவுல. கண்ணாடி ஓரத்துல. தலை சீவறப்ப கேப்பேன், சோறு போடறப்ப கேப்பேன். "குடலுக்கு உள்ள?" "தூண்." "காத்துப்பைல?" "தட்டை." "சிறுநீரகத்து நுண்குழல்ல?" "கனசதுரம்." அப்பிடித் தயங்காம சொல்லிப்போட்டா அடுத்த தோசை வெப்பேன். வெளையாட்டுக்குத்தானுங்க. பட்டினியா போடுவேன்? தப்பாச் சொன்னா திருத்திச் சொல்ற வரைக்கும் கொஞ்சம் நிறுத்துவேன், அவ்வளவுதான்.

மொதல்லயெல்லாம் நெறையாப் பேசுவாளுங்க அவ. ஒரு சினிமாப் பாத்துட்டு வந்தான்னா மூணு நாளைக்கு அந்தக் கதை ஓடும். யாரு எப்பிடி நடந்தாங்க, யாரு எப்பிடி அழுதாங்கன்னு நடிச்சே காட்டுவா. ரூம்புக்கு வந்த பொறவு அந்த வெட்டிப் பேச்செல்லாம் தானா நின்னுபோச்சு. கேட்டதுக்குப் பதிலு, அவ்வளவுதான். எனக்குச் சந்தோசம். புள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சுன்னு நெனச்சேன்.

விலங்கியல் சாரு ஒரு நாளு என்னைக் கூப்புட்டு உட்டாரு. போனேன். "அம்மா, மிதுனா பயாலஜி நல்லாவே பண்றா. அவளுக்குத் தடுமாற்றம் பிசிக்ஸ்லதான். திசுவப் பத்தியே நீங்க டெய்லி கேக்கறீங்களாமா?"ன்னாரு.

"ஆமாங்க சார்."

"அந்தப் பாடத்துல இருந்து வர்றது ஒரே ஒரு கேள்விதாம்மா. சில வருசம் அதுவும் வராது."

எனக்குக் கோவம் வந்துருச்சு. "அந்த ஒரு கேள்வில போனவதான சார் இவ?"ன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு. நீங்களே சொல்லுங்க, பிசிக்ஸ நான் எப்பிடிங்க கேக்கறது? எனக்குத் தெரிஞ்ச பாடத்தத்தான நான் கேக்க முடியும்? தெரிஞ்சத வெச்சுத்தான புள்ளைக்கு ஒத்தாசை பண்ணோணும்?

வெள்ளோடு ஸ்டாப்பு வந்துருச்சா? இன்னும் இல்லீங்களா. சரி.

மார்கழி மாசம்னு நெனக்கிறேன். வெடியால எந்திரிச்சு அவளுக்குத் தலை பின்னிட்டு இருக்கறேன், அவ நோட்டுல சொட்டு சொட்டா ரத்தம். பதறிப்போயிட்டேன். கைய வாங்கிப் பாத்தா, நகத்தச் சுத்தித் தோலு தோலா உரிச்சு வெச்சிருக்கறா. ஒரு வெரலு இல்லீங்க, நாலு வெரலு. ஒண்ணு நல்லா ஆழமா. "என்னடி இது?"ன்னா, "ஒண்ணுமில்லம்மா, தானா வருது"ங்கறா. பஞ்செடுத்துத் தொடச்சு, மஞ்சத்தூளு வெச்சு, துணி சுத்திக் கட்டுனேன். கட்டறப்பவே சும்மா பேச்சு குடுக்கலாம்னு, "ஆமா, இந்த எடத்துல இருக்கறது என்ன வகை எபிதீலியம்?"னு கேட்டேன்.

துணி சுத்துன வெரலை ஒருக்காத் திருப்பிப் பாத்தா. பொறவு சொன்னா: "கூட்டு எபிதீலியம். கெரட்டின் இருக்கறது. எபிதீலியத்துல ரத்தக்குழாய் கெடையாது. ரத்தம் வருதுன்னா, அதையும் தாண்டிக் கீழ போயிருச்சுன்னு அர்த்தம்."

அடேயப்பா! கேட்டதுக்கு மேல எச்சாவே சொல்லிட்டா பாருங்க. எனக்குப் பூரிச்சுப்போச்சு. அவ அப்பாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். வீடியோல மிதுவக் காட்டச் சொன்னாரு. காட்டுனேன். அவருக்குப் பின்னால போர் மிசினு ஓடிட்டு இருந்துச்சு. மனுசன் ரொம்ப நேரம் பாத்துட்டு, "சாந்தா, புள்ள மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது? போதும், ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு"ன்னாரு. "என்னங்க? மிசினு சத்தத்துல ஒண்ணுமே கேக்கல"ன்னு வெச்சுட்டேன்.

கேட்டுச்சுங்க. நல்லாவே கேட்டுச்சு. அவரு அங்க இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிருவாரு. நாளைக்கு ஒறம்பறை, சொந்தக்காரங்க நாலு பேரு கேட்டா பதிலு சொல்றது ஆரு? அவரா?

இப்பிடியே ஓட்டிப் பரிச்சை நாளும் வந்துருச்சு. மே மாசத்து வெயிலு. கம்மலு, கொலுசு, கிளிப்பு எல்லாத்தையும் கழட்டி வாங்கிக்கிட்டேன். பரிச்சை நடக்கற ஸ்கூலு கேட்டுல நிக்கறப்பக்கூட, "கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்"னேன். "கேளும்மா"ன்னா. கேட்டேன். சொன்னா. உள்ள போயிட்டா. நான் வெளிய வேப்ப மரத்தடில, மத்த புள்ளைங்களப் பெத்தவங்களோட உக்காந்திருந்தேன். எல்லாரும் சாமியக் கும்புட்டுட்டு இருந்தாங்க. நான் எபிதீலியத்தச் சொல்லிட்டு இருந்தேன்.

அஞ்சு மணிக்கு வெளிய வந்தா பாருங்க, மூஞ்சியில அப்பிடி ஒரு தெளிவு. சிரிக்கறா! ஒரு வருசமா நான் பாக்காத சிரிப்பு. "எப்பிடிடி எழுதுன?"ன்னேன். "நல்லா இருந்துச்சும்மா"ன்னா. பக்கத்துக் கடைல ரெண்டு பரோட்டா கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. ஊருக்குத் திரும்பற பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து பாட்டு மொணகிட்டு வந்தா. எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு. ஊருல எல்லாருக்கும் சொல்லிட்டேன், இந்தத் தாட்டி கெடைச்சிரும்னு. அண்ணன் ஊட்டுக்கு ஸ்வீட்டு வாங்கிட்டுப் போயிட்டேன்னா பாத்துக்கங்க.

பொறவு, புள்ளைங்க கறுப்பு மை வெச்சு வட்டம் நிரப்புன விடைத்தாளப் படம் புடிச்சு நெட்டுல போடுவாங்கல்லங்க, அது வந்துருச்சுன்னாங்க. மிதுகிட்டச் சொல்லாம நானே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு நம்பரப் போட்டுத் தெறந்துச்சு. பாத்துட்டு, "அக்கா, இது சரியா வரல போல, மறுபடி போடறேன்"னுச்சு. மறுபடி போட்டுச்சு. அதேதான்.

ஒண்ணுமே இல்லீங்க. பேரு இருக்குது, நம்பரு இருக்குது, கையெழுத்து அழகா இருக்குது. கீழ அத்தனை வட்டமும் காலியா இருக்குது. ஒண்ணு, ஒத்தை வட்டத்துல கூட மை வெக்கல.

ஊட்டுக்கு எப்பிடி வந்தேன்னு தெரியல. அவ வாசல்ல துணி காயப்போட்டுட்டு இருந்தா.

"மூணு மணி நேரம் உள்ள என்னடி பண்ணுன?"

அவ திரும்பல. "பாத்துட்டியா?"ன்னா.

"கேக்கறேன்ல. என்ன பண்ணுன?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

"ஏன், ஒண்ணுமே தெரியலயா?"

"தெரிஞ்சுது. எபிதீலியங்கூட வந்துருந்துச்சு."

"பொறவு ஏன்டி போடல?"

துணியக் கொடில போட்டு, கிளிப்புக் குத்திட்டு, மெதுவாச் சொன்னா. "அங்க யாரும் என்னைக் கேள்வி கேக்கலம்மா. பேப்பருல இருந்துச்சு. ஆனா நான் பதிலு சொல்லலீன்னா அது ஒண்ணும் பண்ணல. பேசாம மேசை மேலயே கெடந்துச்சு. ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. எனக்கு நேரா ஒரு ஜன்னலு இருந்துச்சு. மொதல்ல எழுதலாம்னுதாம்மா பேனாவத் தொறந்தேன். கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கலாம்னு தோணுச்சு. பொறவு மணி அடிச்சுட்டாங்க."

கை ஓங்கிட்டேங்க. அடிக்கல. ஓங்குன கை அப்பிடியே நின்னுபோச்சு. ஆனா வாய் நிக்கல. ஏன்டி இப்பிடிப் பண்ணுன? நான் என்ன கொறை வெச்சேன்? உனக்கு என்னதான் வேணும்? அப்பாகிட்ட நான் என்ன சொல்லுவேன்? ஒண்ணு மாத்தி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கறேன், அவ கொடியப் புடிச்சுட்டு நிக்கறா. ஒண்ணுக்குக் கூடப் பதிலு சொல்லல. ஒரு வருசத்துல அதுதான் மொதத் தாட்டி.

மறுநாளு கலாமணி வந்து கூட்டிட்டுப் போயிட்டா. மிதுதான் போன் பண்ணி வரச் சொல்லியிருக்கறா. நானும் கலாமணியும் ஒருத்தருக்கொருத்தர் நங்கைன்னுதான் கூப்பிட்டுக்குவோம். கலாமணி போறப்ப, "நங்கை, கொஞ்ச நாளைக்கு வராதீங்க. அவளாப் பேசட்டும்"னா. எத்தனை நாளுங்க? ஆறு வாரமாச்சு. போன் பண்ணா கலாமணிதான் எடுக்கறா. நல்லா இருக்கறா, கடைல ஒத்தாசையா இருக்கறாங்கறா. கடைல! நாலு பேருக்கு ஊசி போட வேண்டிய கை, அங்க போர்வை மடிச்சுட்டு இருக்குது.

கோச்சிங்ல மறுபடி சேர்றதுக்கு வர்ற திங்கக்கெழம கடைசி நாளாமா. சாருகிட்ட ஒரு எடம் சொல்லி வெச்சிருக்கறேன். அதுனாலதான் போனவாரம் கெளம்பி வந்தேன். ஆமாங்க, போனவாரமும் இதே பஸ்ஸுதான். எப்பிடியும் பேசிக் கூட்டிட்டு வந்தர்றதுன்னு.

கடை ரோட்டு மேலயே இருக்குது. எதுத்தாப்புல எளநிக் கடை. நான் அங்க நின்னு பாக்கறேன், மிது கடைக்குள்ள ஒரு அம்மாவுக்குப் போர்வை விரிச்சுக் காட்டிட்டு இருக்கறா. பேசறா. அப்பிடிப் பேசறாளுங்க! இது இத்தனாம் நம்பர் நூலு, இது தொவைச்சா சாயம் போவாது, இது கொழந்தைக்குக் குத்தாதுன்னு, கையை ஆட்டி ஆட்டி. ஏதோ சொல்லிட்டு அவளே சிரிக்கறா, அந்த அம்மாவும் சிரிக்குது. ரோட்டுக்கு இந்தண்ட வரைக்கும் கேக்குது அவ சத்தம். அந்தச் சத்தத்த நான் மறந்தே போயிருந்தேன். வெரல்ல துணி கிணி ஒண்ணும் கட்டல.

நடுவுல ரோடு. பத்தடி இருக்குமா? நான் தாண்டலீங்க. ஒரு எளநியக் கையில வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னேன். எளநிக்காரரு, "அம்மா, ஆருக்காச்சும் காத்திருக்கறீங்களா?"ன்னாரு. இல்லீங்கன்னேன். பஸ்ஸு வந்துச்சு, ஏறித் திரும்பி வந்துட்டேன்.

ஏன் தாண்டலைன்னு இந்த ஒரு வாரமா ரோசனை பண்றேன். பயம்னா சிரிப்பீங்க. பெத்த புள்ளைகிட்ட என்ன பயம்? ஆனா அதுதாங்க. என்னைப் பாத்ததும் அந்தப் பேச்சு நின்னுரும்னு தெரிஞ்சுபோச்சு. போயி நின்னா நான் என்னங்க சொல்லுவேன்? சாப்பிட்டியாம்பேன். நல்லா இருக்கியாம்பேன். ஏன்டி எளைச்சுட்டேம்பேன். எல்லாம் கேள்விதான? வீட்டுல ஒக்காந்து ஒண்ணொண்ணாச் சொல்லிப் பாத்துட்டேன், என்ற வாயில கேள்வியா இல்லாம ஒரு வார்த்தை வர மாட்டேங்குது.

நீங்க எப்பிடிங்க, உங்க அம்மா உங்களப் பாத்தா மொதல்ல என்ன சொல்லுவாங்க?

"வந்துட்டியா சாமி"ம்பாங்களா. அதுவும் கேள்விதான? இல்லீங்களா? கேள்வி மாதிரி இருக்கும், ஆனா பதிலு சொல்ல வேண்டியதில்லையா? அதெப்பிடிங்க அது?

சென்னிமலை வந்துருச்சாமா. எறங்கோணும். திங்கக்கெழம... அத இன்னைக்குச் சொல்லோணுமா வேண்டாமான்னு தெரியல. மொதல்ல ரோட்டத் தாண்டறேன். நீங்க சித்தெ எங்கூட வர்றீங்களா? கடை வரைக்கும் வேண்டாங்க. எதுத்த பக்கம், அந்த எளநிக் கடை வரைக்கும் வந்தாப் போதும்.